காவடியில் கிளம்பிய ஃபோ

வடக்கு வியட்நாமில், செந்நதிப் படுகையில், மாடு என்றால் ஏர். எருமை என்றாலும் ஏர்தான். உழுகிற மாட்டை அறுத்துத் தின்பது விதைநெல்லைக் குத்திப் பொங்குவது மாதிரி. கிழடு தட்டியதோ காலொடிந்ததோதான் சட்டிக்குப் போகும். அப்படிப்பட்ட ஊரில் இன்று விடிந்தும் விடியாததுமாகத் தெருவெல்லாம் மாட்டெலும்புச் சாறு மணக்கிறதென்றால், நடுவில் யாரோ வந்துபோயிருக்க வேண்டும். வந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள்.

1880களில் ஹனோய் அவர்கள் கைக்குப் போனது. 1902இல் மொத்த இந்தோசீனாவுக்கும் அதுவே தலைநகர். அதிகாரிகள், சிப்பாய்கள், ரயில்பாதை போட வந்த பொறியாளர்கள் எல்லாருக்கும் தட்டில் மாட்டுக்கறி வேண்டியிருந்தது. கசாப்புக் கடைகள் முளைத்தன. நல்ல கறி துரைமார் வீட்டுக்குப் போனது. கால் எலும்பு, தசைநார், மார்புச் சவ்வு, கொழுப்பு எல்லாம் மிஞ்சின. வாங்க ஆளில்லாததால் மலிவு. ஆற்றுத்துறையில் ஏற்கெனவே எருமைக்கறியும் அரிசி நூடுல்ஸும் போட்ட ஒரு சூப்பைச் சுமைகூலிகளுக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். சீனாவின் யுன்னான் வரை போய்வரும் படகுகளில் வேலை பார்த்த சீனர்களுக்கும் அது பழகிய சாப்பாடு. எருமைக்குப் பதிலாக அந்தப் பானைக்குள் மாட்டெலும்பு விழுந்தது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் எப்போதோ இது நடந்திருக்கிறது.

இதுதான் ஃபோ பிறந்த கதை என்று ஹனோயில் ஒருவரிடம் சொன்னால் அவர் தலையாட்டுவார். அடுத்தவர் சண்டைக்கு வருவார். சீனர்கள் கொண்டுவந்தது என்பார் ஒருவர். பிரெஞ்சு வீடுகளில் சமையலுக்கு இருந்தவர்கள் அங்கே எலும்பு வேகவைப்பதைப் பார்த்துக் கற்றது என்பார் இன்னொருவர், சூப்பில் போடுகிற சுட்ட வெங்காயத்தை அதற்குச் சாட்சியாகக் காட்டுவார். பெயர் எந்த மொழியிலிருந்து வந்தது என்பதற்குத் தனி வழக்கு நடக்கிறது. எனக்கு இந்தப் பிறப்புச் சான்றிதழ்களில் ஆர்வமில்லை. செய்முறை யாருடையது என்பதைவிட, அது யார் தோளில் ஏறி எங்கெங்கே போனது என்பதைத்தான் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். போன இடத்திலெல்லாம் என்ன கிடைத்ததோ அதை எடுத்து வயிற்றில் போட்டுக்கொண்டு அடுத்த ஊருக்கு நடந்திருக்கிறது.

ஹனோய்க்குத் தென்கிழக்கே சுமார் 90 கிலோமீட்டரில் நாம் தின் என்ற ஊர். அங்கே பிரெஞ்சு ஆட்சியில் ஒரு பெரிய பஞ்சாலை எழுந்தது. இந்தோசீனாவிலேயே மிகப் பெரியது என்று பெயர் வாங்கிய ஆலை. ஷிப்டு முடித்து வெளியே வரும் ஆயிரக்கணக்கான கூலிக்காரர்களுக்குச் சூடாக, சீக்கிரமாக, மலிவாக ஏதாவது வேண்டும். பக்கத்திலேயே வான் கூ என்ற கிராமம். அரிசி நூடுல்ஸ் போடுவதில் அந்த ஊர்க்காரர்களுக்குக் கைப்பழக்கம் உண்டு. கோ என்ற குலப்பெயர் கொண்ட குடும்பங்கள் அங்கே அதிகம். அவர்களில் பலர் பஞ்சாலை வாசலோடு நிற்காமல் ஹனோய் வரை போனார்கள். இன்றும் ஹனோயில் ‘நாம் தின் பரம்பரை ஃபோ’ என்றோ ‘ஃபோ கோ’ என்றோ பெயர்ப்பலகை தொங்கும் கடை தெருவுக்குத் தெரு கண்ணில் படும். எல்லாரும் ஒரே குடும்பமா என்று கேட்கக் கூடாது. கும்பகோணம் டிகிரி காபிக் கடைகளிடம் நாம் கேட்கிறோமா என்ன?

அந்த நாளில் கடை என்பது ஒரு காவடி. மூங்கில் தண்டின் ஒரு முனையில் அடுப்பும் அதன்மேல் கொதிக்கும் பானையும். மறுமுனையில் ஒரு மரப்பெட்டி. அதன் அறைகளில் நூடுல்ஸ், வேகவைத்த கறி, வெங்காயத்தாள், கிண்ணம், கத்தி, பலகை. எடையைச் சமன் செய்து, சாறு தளும்பாமல், குறுகிய சந்துகளில் நடக்க வேண்டும். கால் இடறினால் அன்றைய முதல் தெருவில். அதிகாலையிலும் இரவு வெகுநேரம் கழித்தும் கூவிக்கொண்டே போவார்கள். கூட்டம் இருக்கும் இடத்தில் தண்டை இறக்கினால் அதுதான் உணவகம். 1908, 1909இல் ஹனோயில் இருந்த ஆன்ரி ஓஜே என்ற பிரெஞ்சு இளைஞர் உள்ளூர் ஓவியர்களை வைத்து மக்களின் தொழில்களையும் அன்றாடக் காரியங்களையும் ஆயிரக்கணக்கான சித்திரங்களாக வரையச் செய்து, மர அச்சில் பதிப்பித்தார். தோளில் உணவு சுமந்து விற்பவர்கள் அன்றைய ஹனோயில் எவ்வளவு சாதாரணம் என்பதை அந்தப் படங்களைப் புரட்டினால் தெரிந்துகொள்ளலாம்.

வீட்டில் பிறக்காத பண்டம் இது. எலும்பு ராத்திரி முழுக்க வேக வேண்டும், பெரிய பானை வேண்டும், விறகோ கரியோ நிறையச் செலவாகும். நாலு பேருக்காக யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். வியட்நாம் வீடுகளில் விசேஷ நாளில் வைப்பவர்கள் உண்டு. ஆனால் ஃபோ என்றால் கடைக்குப் போய் உட்கார்ந்து சாப்பிடுவது என்றுதான் பொருள். தாயின் கைமணத்தை ஆதாரமாகக் காட்ட முடியாததால்தானோ என்னவோ, ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த கடைக்காக உயிரைக் கொடுத்து வாதாடுகிறார்கள்.

அப்படி ஒருவர் எனக்காக வாதாடி அழைத்துப் போன கடை ஹனோயின் பழைய நகர்ப்பகுதியில், தோங் சுவான் சந்தைக்குப் பின்னாலுள்ள சந்து ஒன்றில் இருந்தது. அழைத்துப் போனவர் மதுரைப் பக்கத்துப் பையன், அங்கே மென்பொருள் வேலை. கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. இரண்டு ஆள் அகலம்தான் இருக்கும். முன்னால் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் வேகவைத்த மார்புக்கறிப் பாளங்கள் கொக்கியில் தொங்கின. பக்கத்தில் இடுப்பு உயர அலுமினியப் பானை. நடைபாதையில் முழங்கால் உயர பிளாஸ்டிக் ஸ்டூல்கள். உட்காருவது சுலபம், எழுந்திருக்கத்தான் வயது தெரியும். அலுவலகச் சட்டை போட்டவர், பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி, சந்தையில் மீன் இறக்கிவிட்டு ரப்பர் பூட்ஸோடு வந்த இருவர், எல்லாரும் ஒரே உயரத்தில் குனிந்திருந்தார்கள்.

பானைக்குப் பின்னால் நின்ற பெண்மணி எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. விரல் மட்டும் கேட்டது: பச்சைக்கறியா, வெந்த கறியா? அங்கே அதற்கு ‘தாய்’, ‘சின்’ என்று இரண்டு சொற்கள் தெரிந்தால் போதும், பிழைத்துக்கொள்ளலாம். நான் தாய் சொன்னேன். ஒரு பிடி நூடுல்ஸை நீண்ட கைப்பிடி வைத்த மூங்கில் கூடையில் போட்டுக் கொதிநீரில் முக்கி, இரண்டு உதறு உதறிக் கிண்ணத்தில் கவிழ்த்தார். பச்சைக்கறியை மெல்லிசாகச் சீவி, அகலக் கத்தியைப் படுக்கவைத்து ஓங்கி ஒரு அடி. கறி அப்பளம்போல் ஆகாமல், கிழியாமல், பலகையில் பரந்தது. கத்தியாலேயே வாரி நூடுல்ஸ்மேல் வைத்தார். வெங்காயத்தாளின் வெள்ளைத்தண்டைத் தனியே கொதிநீரில் வாட்டி ஒரு ஓரத்தில் சொருகினார். பச்சைத்தாள் பொடி மேலே விழுந்தது. பிறகு பானையின் அடியிலிருந்து ஒரு அகப்பை சாறு, கறியின்மேல் நேராக. சிவப்பு கண்முன்னே சாம்பல் நிறமானது. எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

மேசையில் எலுமிச்சைத் துண்டும் நறுக்கிய மிளகாயும் பூண்டு ஊறிய வினிகரும் இருந்தன. என் கை எலுமிச்சைக்குப் போனது.

“அண்ணே, இப்பத் தொடாதீங்க. முதல்ல வெறும் சாறை ரெண்டு கரண்டி குடிங்க. அந்தம்மா பாத்தாங்கன்னா மூஞ்சி மாறிடும்.”

“காசு நாமதானே தம்பி குடுக்கிறோம்?”

“காசு நம்மளது. சாறு அவங்களதுண்ணே.”

குடித்தேன். கலங்கலே இல்லாத, தேநீர் நிறத்துச் சாறு. முதலில் எலும்பின் இனிப்பு. அப்புறம் மெதுவாக, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி தம் உடையும்போது வரும் வாசனை. பொய்யில்லை. உள்ளே கிடப்பவை நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் இருப்பவைதான்: பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, மல்லிவிதை. கூடவே கரும்பழுப்பில் ஒரு பெரிய ஏலக்காய், புகையில் உலர்த்தியது, வடக்கு மலைகளில் விளைவது. நாம் இவற்றை நெய்யிலோ எண்ணெயிலோ தாளித்து விடுகிறோம். அவர்கள் வறட்டு வாணலியில் வாட்டித் துணியில் முடிந்து பானைக்குள் இறக்குகிறார்கள், வாசனை போதுமென்று தோன்றியதும் எடுத்துவிடுகிறார்கள். வெங்காயத்தையும் இஞ்சியையும் தோலோடு நெருப்பில் கருகச் சுட்டுப் போடுகிறார்கள். அதனால்தான் அந்த நிறம். முதல் கொதியில் எலும்பு கக்கும் அழுக்குத் தண்ணீரை முழுவதுமாகக் கொட்டிவிட்டுப் புதுத்தண்ணீரில் ஆரம்பிப்பார்கள். அதன்பின் தளபுளவென்று கொதிக்கவிடாமல் இரவெல்லாம் சிறுதீ. உப்புக்கு மீன் சாறு. கொஞ்சம் அஜினமோட்டோவும் உண்டு. அதை மறைக்கிற கடைக்காரர்களைவிட மறைக்காதவர்களே அதிகம்.

அன்னாசிப்பூவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சீன எல்லையை ஒட்டிய லாங் சோன் பகுதி அதன் தாய்மண்களில் ஒன்று. வியட்நாமின் அன்னாசிப்பூவை அதிகம் வாங்கும் நாடு இந்தியா. ஆம்பூரிலும் திண்டுக்கல்லிலும் அண்டாவில் விழுவது பெரும்பாலும் அந்த மலைச்சரிவில் காய்த்ததுதான். நான் அந்தச் சாற்றில் நம் ஊரைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பூரித்துக்கொண்டிருந்தேன். கணக்குப்படி பார்த்தால் நம் பிரியாணியில் அவர்கள் ஊர் இருக்கிறது.

நூடுல்ஸையும் விட்டுவிடக் கூடாது. ஊறவைத்த அரிசியை மையாக அரைத்து, நீர்க்கக் கரைத்து, கொதிக்கும் பானையின் வாயில் இழுத்துக் கட்டிய துணிமேல் மெல்லிதாகத் தடவி மூடுவார்கள். ஆவியில் வெந்த தாளை மூங்கில் குச்சியால் சுருட்டித் தூக்கி ஆறவைத்து, நாடாவாக அறுத்தால் பான் ஃபோ. காலையில் செய்ததை அன்று மாலைக்குள் விற்றாக வேண்டும். பெரும்பாலான கடைகள் தாங்களே செய்வதில்லை. விடியுமுன் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் வந்து இறங்கும்.

அந்தக் கிண்ணம் 50,000 டாங். நம் கணக்கில் 170 ரூபாய்க்குள். மீன் இறக்குபவர்கள் சாப்பிட்டு முடித்துப் போய், அந்த இடத்தில் வேறு இருவர் உட்கார்ந்து, அவர்களும் எழுந்து போனார்கள். நான் இன்னும் சாற்றைக் குடித்துக்கொண்டிருந்தேன். கடையில் பேச்சு கிடையாது. உறிஞ்சும் சத்தம்தான்.

மேசைமேல் துளசியோ முளைப்பயறோ இல்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். நம் ஊர்ப் பெரிய ஹோட்டல்களில் ஃபோ என்று வைப்பார்களே, பக்கத்தில் ஒரு தட்டு நிறையக் கீரைக்காடு, இரண்டு நிறத்தில் சாஸ். அதெல்லாம் எங்கே என்று கேட்டதற்குத் தம்பி சொன்னார், “அது சைகோன்காரங்க பழக்கம்ணே. இங்க கேட்டா சிரிப்பாங்க.” அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு நாட்டுப் பிரிவினை இருக்கிறது.

அதற்குமுன் கிண்ணம் இன்னொரு திருப்பத்தைக் கடந்திருந்தது. 1930களில் காவடிகள் மெல்ல இறங்கிக் கடைகளாக உட்காரத் தொடங்கின. குமாஸ்தாக்களும் எழுத்தாளர்களும் வாடிக்கையாளர்கள் ஆனார்கள். தாச் லாம் என்ற எழுத்தாளர் ஹனோயின் தெருக்களைப் பற்றி எழுதி, அவர் இறந்தபின் 1943இல் வெளிவந்த புத்தகத்தில் ஃபோவுக்கு இடம் இருக்கிறது. 1939இல் வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வெள்ளியும், மாட்டுக்கறி விற்கக் கூடாது என்று உத்தரவு வந்ததாகவும், கடையை மூட மனமில்லாதவர்கள் கோழியைப் போட்டதாகவும் சொல்வார்கள். கோழி ஃபோ வந்த வழி அது. முதலில் ருசியறிந்தவர்கள் முகம் சுளித்தார்கள். இப்போது கோழி மட்டுமே விற்கிற கடைகள் இருக்கின்றன, அவற்றுக்கும் பரம்பரைப் பெருமை வந்துவிட்டது.

1945இன் பஞ்சத்தில் வடக்கே லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். அந்த ஆண்டைப் பற்றிச் சமையல் எழுத ஒன்றுமில்லை.

1954இல் ஜெனீவா ஒப்பந்தம் நாட்டை 17ஆம் அட்சரேகையில் இரண்டாகக் கிழித்தது. எந்தப் பக்கம் வேண்டுமோ போகலாம் என்று 300 நாள் அவகாசம். வடக்கிலிருந்து எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தெற்கே போனார்கள். அவர்களில் கத்தோலிக்கர்கள் அதிகம். கப்பலில் ஏறியவர்களில் ஃபோ கடைக்காரர்களும் இருந்தார்கள். சைகோனில் அதற்கு முன்பே ஓரிரு கடைகள் இருந்தாலும், ஃபோ தெற்கத்தி உணவானது அந்த ஆண்டுக்குப் பிறகுதான். தெற்கு செழித்த பூமி. மேகோங் டெல்டாவில் கீரைக்குப் பஞ்சமில்லை, கரும்புக்கும் இல்லை. தெற்கத்தியார் நாக்குக்கு இனிப்பு வேண்டும். சாற்றில் கற்கண்டு விழுந்தது. முளைப்பயறு, காட்டுமல்லி, துளசி வகையில் ஒன்று எல்லாம் தட்டில் குவிந்தன. சோலோன் பகுதிச் சீனர்களின் கரிய இனிப்புச் சாஸும் மேசைக்கு ஏறியது. வந்தேறிகள் வாடிக்கையாளர் கேட்டதைக் கொடுத்தார்கள். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஹனோய்க்காரர்கள் இதைக் கலப்படம் என்கிறார்கள். கசாப்புக் கடைக் கழிவில் பிறந்த பண்டத்துக்கு இவ்வளவு ஆசாரம் ஆகாது என்பது என் கட்சி. அந்தச் சந்துக் கடையில் எலுமிச்சையைத் தொடாமல் குடித்ததை மறுக்கவில்லை, அங்கே அது சரி.

அந்தச் சைகோனில் நம்மவர்களும் இருந்தார்கள். லேவாதேவிக்குப் போன செட்டியார்கள், பிரெஞ்சு அரசு வேலைக்குப் போன புதுச்சேரி, காரைக்கால்காரர்கள். அவர்கள் எழுப்பிய மாரியம்மன் கோவிலில் இன்று வியட்நாமியர்கள்தான் அதிகம் ஊதுவத்தி ஏற்றுகிறார்கள். நாடு பிரிந்த அதே 1954இல், நவம்பர் 1ஆம் தேதி, புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. ஒரே ஆண்டில் இரண்டு கரையிலும் கொடி இறங்கியது. சைகோனிலிருந்து திரும்பிய குடும்பங்கள், வியட்நாமிய மருமகள்களோடும் பேரப்பிள்ளைகளோடும் புதுச்சேரியில் இறங்கின. அந்த வீடுகளிலிருந்து ஊருக்குள் பரவியது அரிசித்தாளில் சுற்றிப் பொரித்த சுருள். வீட்டு வாணலிக்கு அடங்கும் பண்டம் அது. ராப்பகலாகக் கொதிக்கும் பானையை யார் கப்பலில் ஏற்றுவது?

வடக்கே நடந்தது வேறு. தனியார் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, அல்லது அரசு வணிக நிலையங்களில் கரைந்தன. நுயென் துவான் என்ற பெரிய எழுத்தாளர் 1957இல் ஃபோவைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். புரட்சிக் காலத்தில் சூப்பைப் பற்றி இத்தனை உருக்கம் தேவையா என்று அவரைக் குடைந்தார்கள். இறைச்சி ரேஷனில். அரசுக் கடை ஃபோவில் கறி இருக்காது, கொதிநீரும் அஜினமோட்டோவும் நூடுல்ஸும்தான். 1964 முதல் அமெரிக்கா வடக்கின்மேல் ஆளில்லா உளவு விமானங்களைப் பறக்கவிட்டது. ஹனோய்க்காரர்கள் கறியில்லாத கிண்ணத்துக்கு உடனே பெயர் வைத்துவிட்டார்கள்: ‘விமானி இல்லாத ஃபோ’. குண்டு விழுகிற ஊரில் இந்த நக்கல். அரசுக் கடைகளில் கரண்டி திருடுபோகிறதென்று அலுமினியக் கரண்டிகளில் ஓட்டை போட்டு வைத்ததாகவும் பெரியவர்கள் சொல்வார்கள். சாறு ஓட்டை வழியே ஒழுகுமுன் குடிக்க வேண்டுமென்றால் வேகம் வேண்டும். சிலர் வீட்டிலிருந்து பழைய சோற்றைக் கொண்டுவந்து சாற்றில் போட்டுச் சாப்பிட்டார்கள்.

தெற்கே அதே நேரத்தில் ஃபோ கடை ஒன்று போர்த் தலைமையகமாக இருந்தது. சைகோனில் ‘ஃபோ பின்’ என்று ஒரு கடை. பின் என்றால் அமைதி. கடைக்காரர் ங்கோ தோவாய். கீழ்த்தளத்தில் அமெரிக்கச் சிப்பாய்களும் வந்து சாப்பிட்டுப் போவார்கள். மாடியில் வியட்கொங் கமாண்டர்கள் கூடி, 1968 தெத் புத்தாண்டுத் தாக்குதலின் சைகோன் பகுதியைத் திட்டமிட்டார்கள். ஜனவரி 30 நள்ளிரவு கடந்ததும் அமெரிக்கத் தூதரகம் உள்படப் பல இடங்களில் தாக்குதல் தொடங்கியது. கடைக்காரர் பிடிபட்டுச் சிறைக்குப் போனார். அந்தக் கடை போருக்குப் பிறகும் சூப் ஊற்றியது, சுவரில் பழைய புகைப்படங்களை மாட்டிக்கொண்டு. பச்சைக்கறியா வெந்த கறியா என்று எதிரிக்கும் விரலால் கேட்டுக்கொண்டே ஒரு யுத்தத்தை நடத்தியிருக்கிறார்கள்.

1975 ஏப்ரலில் சைகோன் வீழ்ந்தது. அந்த ஆண்டில் மட்டும் சுமார் 1,25,000 பேர் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். படகில் தப்பியவர்கள் அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் வந்தபடி இருந்தார்கள். கலிபோர்னியாவில் ஆரஞ்சு கவுண்டியின் வெஸ்ட்மின்ஸ்டர், கார்டன் குரோவ் பகுதிகளில் ஒரு குட்டிச் சைகோன் உருவானது. அங்கே போனது தெற்கத்திக் கிண்ணம்: முளைப்பயறும் துளசியும் கரிய சாஸும் உள்ளது. அமெரிக்காவில் கறி மலிவு என்பதால் கிண்ணம் பெருத்தது. ‘ரயில்வண்டி’ என்று ஒரு அளவே வந்துவிட்டது, ஒரு ஆள் சாப்பிட்டு முடிக்க முடியாத அளவு. கடைப் பெயர்களில் 54, 75, 79 என்று எண்கள் தொங்கும். பெரும்பாலும் அவை ஆண்டுகள்: நாடு பிரிந்ததோ, ஊரை விட்டதோ, வேறொன்றோ. 1982இல் கார்டன் குரோவில் திறந்த ‘ஃபோ 79’ என்ற கடைக்கு 2019இல் ஜேம்ஸ் பியர்ட் விருதுக்காரர்கள் அமெரிக்காவின் பாரம்பரிய உணவகம் என்று பட்டம் கொடுத்தார்கள். உலகம் முழுக்க இன்று ஃபோ என்று தெரிந்திருப்பது இந்தத் தோற்றவர்களின் கிண்ணம்தான்.

வென்றவர்களின் கிண்ணமும் பயணம் போனது, ஆனால் கிழக்கு ஐரோப்பாவுக்கு. சோஷலிச நாடுகளுக்கிடையே ஒப்பந்தம் போட்டு வியட்நாமிலிருந்து மாணவர்களையும் தொழிலாளிகளையும் அனுப்பினார்கள்: கிழக்கு ஜெர்மனி, செக்கோஸ்லோவாக்கியா, போலந்து, சோவியத் ஒன்றியம். போனவர்களில் வடக்கத்தியார் நிறைய. 1989க்குப் பிறகு ஆலைகள் மூடின, ஒப்பந்தங்கள் செத்தன. பலர் திரும்பாமல் சந்தைக் கடை போட்டார்கள். பிராக் நகரின் ‘சாபா’ சந்தையில் இன்று கிடைக்கும் ஃபோவில் பூண்டு வினிகர் இருக்கும், கீரைக்காடு இருக்காது. பனி விழும் ஊரில் ஹனோய்ச் சாறு பிழைத்துக்கொண்டது, எலும்புக்கு அங்கே குறைவில்லை.

1986இல் வியட்நாம் தோய் மோய் என்ற சீர்திருத்தத்தைக் கொண்டுவந்ததும் மக்கள் மறுபடி நடைபாதையில் அடுப்பு மூட்டினார்கள். தாத்தாவின் பெயரில் கடை திறந்தவர்கள் எல்லாருக்கும் தாத்தா இருந்தாரா என்பதை யார் விசாரித்தது? 2000 நவம்பரில் பில் கிளிண்டன், ஹோசிமின் நகர் என்று பெயர் மாறிய சைகோனில், பென் தான் சந்தைக்குப் பக்கத்துக் கடையில் உட்கார்ந்து ஃபோ சாப்பிட்டார். அந்தக் கடை அதை வைத்தே காலம் ஓட்டியது. கோழியோ மாடோ என்பதைவிட அவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார் என்பதுதான் சுற்றுலாக்காரர்களுக்கு முக்கியம். ஹனோயில் 2020க்குள் தேன்கூடு வடிவ நிலக்கரிக் கட்டிகளை ஒழிப்பதென்று நகர நிர்வாகம் முடிவெடுத்தது. நான் பார்த்த சந்துக் கடையில் பானைக்கு அடியில் மின்கம்பி ஓடியது. புகை இல்லை. சாற்றுக்கு வித்தியாசம் தெரிகிறதா என்று தம்பியிடம் கேட்டேன். தான் வந்தபோதே மின்சாரம்தான், பழைய ஆட்கள் எதற்கெடுத்தாலும் அந்தக் காலம் என்பார்கள் என்றார்.

2024 ஆகஸ்டில் வியட்நாம் அரசு ஹனோய் ஃபோவையும் நாம் தின் ஃபோவையும் தனித்தனியாகத் தேசிய பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. யார் மூலம் என்ற சண்டையில் அரசும் தலையிட விரும்பவில்லை போலும், இருவருக்கும் ஒவ்வொரு சான்றிதழ். அடுத்த ஆண்டே, 2025 ஜூலை 1ஆம் தேதி, மாகாணங்களை இணைத்ததில் நாம் தின் மாகாணம் நின் பின் மாகாணத்துக்குள் போய்விட்டது. மாகாண வரைபடத்தில் காணாமல் போன பெயர் ஹனோய்ப் பெயர்ப்பலகைகளில் அப்படியே தொங்குகிறது. எந்தக் கடைக்காரரும் ‘நின் பின் பரம்பரை ஃபோ’ என்று மாற்றி எழுதப்போவதில்லை.

வான் கூ கிராமத்தார் இன்னும் வெளியூரில்தான் கடை வைக்கிறார்கள். ஹனோயிலும் மற்ற நகரங்களிலும் பானை வைத்துச் சம்பாதித்து ஊரில் வீடு கட்டுகிறார்கள். அதனால் ஹனோய்க்கு டிக்கெட் போடுகிறவர்கள் ஜனவரி கடைசியிலும் பிப்ரவரியிலும் தெத் எந்தத் தேதியில் விழுகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்தில் கடைக்காரர்கள் குடும்பத்தோடு ஊருக்குப் போய்விடுவார்கள், சந்துக் கடைகள் ஷட்டர் இறங்கிக் கிடக்கும். திறந்திருக்கும் ஒன்றிரண்டு இடங்களிலும் விலை கூடுதலாக இருக்கும், எலும்பும் புதிதாக வந்திருக்காது.